இரண்டு குன்றுகள், ஒரே காலத்து வீடுகள்: லாஸ் ஏஞ்சல்ஸில் அழிந்த தெருவும் தப்பிய தெருவும்

1969 அக்டோபர் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு மர வீடுகள் எரிந்து சாம்பலாயின. இரண்டும் 1880-களில் கட்டியவை. இரண்டையும் நகராட்சியே வரலாற்று நினைவுச்சின்னம் என்று அறிவித்திருந்தது. இடிபடாமல் காப்பாற்ற வேண்டும் என்று, ஏழு மாதம் முன்புதான் அவை நின்ற குன்றிலிருந்து பெயர்த்து, சக்கரங்களில் ஏற்றி, வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே யாரும் குடியில்லை. கைக்குக் கிடைத்ததை யார் யாரோ உடைத்தார்கள். கடைசியில் யாரோ தீயும் வைத்துவிட்டார்கள்.

அந்த வீடுகளை ஊர்க்காரர்கள் ‘கேஸில்’ என்றும் ‘சால்ட் பாக்ஸ்’ என்றும் அழைத்தார்கள். கேஸிலில் இருபது அறைகள். சால்ட் பாக்ஸ் சின்னது. பழைய உப்புப் பெட்டியின் மூடிபோல ஒரு பக்கம் நீண்டு சரியும் கூரையால் அந்தப் பெயர். நகர மையத்தை ஒட்டிய பங்கர் ஹில் குன்றில் கடைசியாக மிஞ்சியிருந்த விக்டோரியா கால வீடுகள் இவைதாம்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது, ஏஞ்சலினோ ஹைட்ஸ் என்ற இன்னொரு குன்று. அதே ஆண்டுகளில், அதே மரத்தில், அதே பாணியில் கட்டிய வீடுகள் அங்கே இன்றும் வரிசையாக நிற்கின்றன. மாலையானால் உள்ளே விளக்கு எரிகிறது, சமையல் நடக்கிறது.

ஒரே ஊர், ஒரே நகராட்சி, ஒரே மாதிரி வீடு. அப்படியிருக்க ஒன்று ஏன் போனது, மற்றது எப்படித் தப்பியது? என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டின் அழகு இதைத் தீர்மானிக்கவில்லை. நினைவுச்சின்னம் என்ற பட்டமும் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்குக் கீழே இருந்த மண்ணுக்கு யார் ஆசைப்பட்டார்கள், வீட்டுக்குள் இருந்தவருக்கு அதன்மேல் என்ன பிடி இருந்தது, இந்த இரண்டும்தான் தீர்மானித்தன.

ரயில் கொண்டுவந்த வீடுகள்

பங்கர் ஹில்லை முதலில் யாரும் சீண்டவில்லை. செங்குத்தான மேடு, மேலே தண்ணீர் கிடையாது. புரூடன்ட் போட்ரி என்ற கனடாக்காரர் 1867-ல் அதில் பெரும்பகுதியை ஏலத்தில் 517 டாலருக்கு வாங்கினார். கீழேயிருந்து தண்ணீரை மேலே ஏற்ற வழி செய்து, தெரு வகுத்து, மனை பிரித்து விற்றார். பின்னாளில் ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

பெரிய ஓட்டம் 1880-களின் நடுவில் வந்தது. அதுவரை சதர்ன் பசிபிக் ரயில் மட்டும் வந்துகொண்டிருந்த ஊருக்கு 1885-ல் சான்டா ஃபே ரயிலும் வந்து சேர்ந்தது. இரண்டு கம்பெனிகளும் கட்டணத்தைப் போட்டி போட்டுக் குறைத்தன. 1887 மார்ச்சில் ஒருநாள், நாட்டின் நடுப்பகுதியிலிருந்து கலிபோர்னியா வர ஒரே ஒரு டாலர் என்ற நிலைக்குப் போனது. வண்டி வண்டியாக ஆள் வந்து இறங்கினார்கள். 1880-ல் 11,000 பேர் இருந்த ஊரில் 1890-ல் 50,000 பேர்.

வந்தவர்களில் காசுள்ளவர்களும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் மேட்டுக்குப் போனார்கள். சுரங்க முதலாளி லூயிஸ் பிராட்பரி 1887-ல் பங்கர் ஹில்லில் ஒரு மாளிகை எழுப்பினார். சாமுவேல் நியூசம், ஜோசஃப் கேதர் நியூசம் என்ற அண்ணன் தம்பி கட்டடக்கலைஞர்கள் வரைந்தது. கலிபோர்னியாவின் வடகோடியில் யுரீக்கா ஊரில் இருக்கும் கார்சன் மாளிகையும் இவர்கள் கைவேலைதான். அதைப் பார்த்தவர்களுக்கு இவர்கள் கையில் மரம் என்ன பாடுபட்டது, என்னவெல்லாம் ஆனது என்று தெரியும்.

ஏஞ்சலினோ ஹைட்ஸ் 1886-ல் தொடங்கியது. வில்லியம் ஸ்டில்சன், எவரெட் ஹால் என்ற இருவர் மனை போட்டார்கள். அதே ஆண்டு டெம்பிள் தெருவில் கேபிள் டிராம் ஓடத் தொடங்கியதால் நகரத்துக்குப் போய்வருவது சுலபமானது. இங்கே வந்தவர்கள் சுரங்க முதலாளிகள் இல்லை. சரக்குக் கிடங்கு நடத்தியவர், செருப்புக்கடைக்காரர், பால்பண்ணைக்காரர். ஊரில் ஒரு நிலைக்கு வந்துவிட்டவர்கள், அவ்வளவுதான். 1888-ல் மனை விலை சரிந்ததும் பாதி மனை வெறுமையாக நின்றுபோனது. அந்த இடங்களில் இருபது, முப்பது ஆண்டு கழித்து வேறு பாணியில் தாழ்வான பங்களாக்கள் வந்தன. அதனால் இன்றைக்கும் அந்தப் பேட்டை ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்காது.

வீட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்

கேரோல் அவென்யூ என்ற தெருவில், 1300 எண் வரிசையில், இந்த வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. ஊரிலேயே விக்டோரியா கால வீடுகள் இவ்வளவு அடர்த்தியாக இருப்பது இங்கேதான். நடைபாதை ஓரத்தில் சில இடங்களில் தனியாக ஒரு கல் கிடக்கும். யாரோ மறந்து போட்டதுபோலத் தெரியும். குதிரை வண்டியில் ஏறி இறங்கக் கால் வைக்கும் படி அது.

சுவரைக் கவனியுங்கள். கீழ்த்தளத்தில் படுக்கைவாட்டில் பலகை அடித்திருப்பார்கள். மேலே போனதும் அரைவட்ட முனை கொண்ட சிறு மரச்சில்லுகளை, ஒன்றின் தலையில் அடுத்ததன் அடி ஏறும்படி, மீன் செதில்போல வேய்ந்திருப்பார்கள். முன்திண்ணைத் தூண்கள் கடைசல் வேலை. திண்ணையின் நெற்றியில் கைவிரல் தடிமனில் கடைந்த குச்சிகளை வரிசையாக நிறுத்தி ஒரு தடுப்பு. கூரை முக்கோணத்துக்குள் பாதிச் சூரியன், அதிலிருந்து விரியும் கதிர்கள். 1330-ஆம் எண்ணில் ஜோசஃப் நியூசம் 1880-களின் கடைசியில் பால்பண்ணைக்காரர் ஒருவருக்குக் கட்டிய வீட்டின் மாடி முகப்பில் நிலா வட்டம்போல ஒரு திறப்பு. தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே வைத்தது. எதிர்ச்சாரியில் 1345-ஆம் எண் வீட்டை உலகத்துக்கே தெரியும். மைக்கேல் ஜாக்சனின் பேய்க்கதைக் காணொளியில் வரும் பாழடைந்த வீடு அதுதான். நேரில் பார்த்தால் பாழும் இல்லை, பேயும் இல்லை. 1887-ல் கட்டிய, நன்றாகப் பராமரித்துவரும் வீடு.

இவ்வளவு வேலைப்பாட்டை ஒரு செருப்புக்கடைக்காரர் எப்படிச் செய்துகொண்டார்? நீராவியில் ஓடிய மரப்பட்டறைகளால். தூணையும் குச்சியையும் இயந்திரம் கடைந்து தள்ளியது. வடிவங்களைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றார்கள். பார்த்துத் தேர்ந்தெடுத்து ஆள்விட்டு அடித்துக்கொள்ளலாம். மரத்துக்கும் பஞ்சமில்லை. வடக்குக் கலிபோர்னியாவின் ரெட்வுட் கப்பலில் சான் பேத்ரோ துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. நேரான இழை, உளிக்கு இணங்கும், சீக்கிரம் உளுத்துப்போகாது.

சுவருக்குள் கனமான உத்தரம் கிடையாது. ஒல்லிச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியடித்த கூடு அது. வீடு பார்ப்பதற்குத்தான் பெரிது, அதன் அளவுக்கு எடை குறைவு. ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தூலம் கொடுத்து, சக்கரம் பூட்டி இழுத்துக்கொண்டு போகலாம். அதே காரணத்தால், காய்ந்துபோய் ஆளில்லாமல் கிடந்தால் ஒரு தீக்குச்சி போதும். 1969-ல் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

பங்கர் ஹில்லின் சரிவு

1901-ன் கடைசி நாளில் ஏஞ்சல்ஸ் ஃபிளைட் ஓடத் தொடங்கியது. குன்றின் அடிவாரத்து ஹில் தெருவிலிருந்து மேலே ஆலிவ் தெருவுக்கு ஏறும் 315 அடி நீளக் குட்டி ரயில், ஒரு தடவைக்கு ஒரு சென்ட். சினாய், ஆலிவெட் என்று இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அந்த ஆண்டுகளில் பங்கர் ஹில் உச்சத்தில் இருந்தது.

அப்புறம் மோட்டார் வண்டி வந்தது. கார் வைத்திருப்பவர் கடைக்கும் ஆபீசுக்கும் பக்கத்தில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணக்காரர்கள் மேற்கே போனார்கள், பாசடீனா போனார்கள். வீட்டை விற்றார்கள், அல்லது வாடகைக்கு விட்டார்கள். பிராட்பரி மாளிகை 1929-ல் இடிபட்டது. மற்ற மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். மாடிக்கு ஒரு குளியலறை, அறைக்கு ஓர் அடுப்பு. கேஸிலின் இருபது அறைகளுக்கும் இதே கதிதான்.

குடிவந்தவர்கள் யார்? பெரும்பாலும் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சொற்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளியவர்கள். அவர்களுக்கு அந்தக் குன்று அருமையான இடம். கீழே இறங்கினால் சந்தை, நூலகம், உட்கார்ந்து பேசப் பூங்கா. ஏற முடியாவிட்டால் குட்டி ரயில். கென்ட் மெக்கென்சி என்ற திரைப்பட மாணவர் 1956-ல் இவர்களைப் படமெடுத்தார். இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம், எங்களை விட்டுவிடுங்கள் என்பதுதான் அந்த முதியவர்கள் பக்கத்து நியாயம்.

நகராட்சியின் கணக்கு வேறு. இங்கிருந்து வரும் வரி குறைவு, போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஆகும் செலவு அதிகம் என்றது. அந்தக் கட்டடங்களில் ஒழுகும் குழாயும் ஆபத்தான மின்கம்பியும் இருந்தது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலைமை எப்படி வந்தது? 1939-ல் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டபோது, பங்கர் ஹில்லுக்குச் சிவப்பு நிறம் தந்தது. அதாவது கடைசித் தரம், இங்கே கடன் கொடுக்காதே என்று பொருள். பழுது பார்க்கக் கடன் கிடைக்காத வீடு பழுதாகத்தான் ஆகும். பதினைந்து ஆண்டு கழித்து வந்து, பழுதாகிவிட்டது, ஆகவே இடிக்கிறோம் என்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே இல்லை.

இடிப்பு

1945-ல் கலிபோர்னியா மறுமேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 1948-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அதற்கென ஒரு முகமை அமைத்தது. ஒரு வட்டாரத்தை ‘சீர்கெட்டது’ என்று அறிவித்துவிட்டால், அந்த முகமை நிலத்தைக் கட்டாயமாக எடுக்கலாம், எல்லாவற்றையும் இடிக்கலாம், வெற்று மனையாக்கிப் பெரிய கம்பெனிகளுக்கு விற்கலாம். புதுக் கட்டடம் வந்தால் வரி கூடும், அந்தக் கூடுதலை வைத்துக் கடனை அடைப்போம் என்பது திட்டம். நம் ஊர்ப் பேச்சில் நில எடுப்பு என்கிறோமே, அதேதான். எடுத்தது சாலைக்கோ ரயிலுக்கோ இல்லை, இன்னொரு தனியாருக்கு.

1950-களில் நகராட்சி இன்னொரு வேலையும் செய்தது. பல்லாண்டுகளாக இருந்த 150 அடி உயரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. இதைப் பலரும் வெறும் கட்டட விதி மாற்றமாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் நடுமுடிச்சு. வானளாவக் கட்டலாம் என்றதும், நகர மையத்துக்கு மேலேயே இருந்த 130 ஏக்கர் குன்றின் மதிப்பு ஒரே நாளில் வேறாகிவிட்டது. இரண்டு மாடி மரவீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாது.

1959 மார்ச்சில் நகர்மன்றம் திட்டத்தை நிறைவேற்றியது. 1960-கள் முழுக்க இடித்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் போயின. குன்றின் தலையையே சீவித் தாழ்த்தினார்கள். நூறு வீடு நின்ற இடத்தில் மண் மட்டும் கிடக்கும் படங்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் கேஸிலும் சால்ட் பாக்ஸும் மட்டும், சுற்றிலும் எதுவுமில்லாமல்.

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள். சொந்தக்காரருக்குக் கொஞ்சமாவது இழப்பீடு உண்டு. மாத வாடகைக்கு இருந்த கிழவருக்கு வீட்டின்மேல் சட்டப்படி ஒரு பிடியும் கிடையாது. முப்பது ஆண்டு ஒரே அறையில் இருந்திருந்தாலும், காலி செய் என்றால் கிளம்ப வேண்டியதுதான்.

பட்டம் எதைக் காப்பாற்றியது?

1962-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நினைவுச்சின்னச் சட்டம் இயற்றியது. அமெரிக்கப் பெருநகரங்களில் இவ்வளவு சீக்கிரம் இதைச் செய்தவை குறைவு. நியூயார்க்கே 1965-ல்தான் செய்தது. முதல் பட்டியலிலேயே ஏஞ்சல்ஸ் ஃபிளைட் நான்காவது எண், சால்ட் பாக்ஸ் ஐந்தாவது. கேஸில் 1964-ல் இருபத்தேழாவதாகச் சேர்ந்தது.

பட்டியலில் சேர்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சட்டத்தால் இடிப்பைத் தள்ளிப்போடத்தான் முடியும், அடியோடு தடுக்க முடியாது. இன்றைக்கும் அப்படித்தான்: முதலில் 180 நாள், நகர்மன்றம் நினைத்தால் இன்னும் 180 நாள். அதற்குள் மாற்றுவழி கண்டுபிடித்தாக வேண்டும். கேஸிலுக்கும் சால்ட் பாக்ஸுக்கும் கண்டுபிடித்த வழி, பெயர்த்துக்கொண்டு போவது.

1969 மார்ச்சில் கொண்டுபோனார்கள். ஹெரிடேஜ் ஸ்குவேர் என்று பெயரிட்டு, நகரத்தில் இடிபடப்போகும் பழைய வீடுகளையெல்லாம் கொண்டுவந்து வைக்கும் அருங்காட்சியகமாக்குவது நோக்கம். நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பணம் சேரும்வரை வீடுகள் அப்படியே நின்றன. சமைக்கிறவர் இல்லை, இரவில் விளக்குப் போடுகிறவர் இல்லை, சத்தம் கேட்டுச் சன்னலைத் திறந்து யாரது என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அக்டோபரில் எரிந்தன.

ஏஞ்சல்ஸ் ஃபிளைட்டையும் அதே ஆண்டு மே மாதம் கழற்றி வைத்தார்கள். சீக்கிரம் திரும்ப வரும் என்றார்கள். திரும்பியது 1996-ல், பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி. குன்றின் காலி மனைகளில் சில பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தன. டிஸ்னி இசையரங்கம் வந்தது 2003-ல். அதற்கு எதிரில் இருந்த மனையில் கட்டடம் எழுந்து திறந்தது 2022-ல். அறுபது ஆண்டு காலியாகக் கிடக்கவா அவ்வளவு அவசரமாகக் காலி செய்தார்கள்?

ஏஞ்சலினோ ஹைட்ஸ் தப்பியது எப்படி

இங்கேயும் சரிவு வந்தது. இங்கேயும் மாளிகையைத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள், செதில் பலகைகளை மூடிச் சாந்து பூசினார்கள், கடைசல் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். 1950-ஐ ஒட்டி ஹாலிவுட் ஃப்ரீவே என்ற விரைவுச்சாலை பேட்டையின் தெற்கு ஓரத்தை அறுத்துக்கொண்டு போனது; சில வீடுகள் அதில் போயின.

ஆனால் அந்த ஃப்ரீவேதான் மிச்சத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நகர மையத்துக்கும் இந்தக் குன்றுக்கும் நடுவே அது அகழிபோல விழுந்துவிட்டது. கோபுரம் கட்ட நினைத்த எவரும் அதைத் தாண்டி வரவில்லை. மண்ணுக்கு ஆசைப்பட ஆளில்லாததால் வீடுகள் மலிவாகவே கிடந்தன. 1970-களில் கொஞ்சம் காசும் நிறையப் பொறுமையும் உள்ளவர்கள் அவற்றை வாங்கினார்கள், குடியேறினார்கள், சாந்தைச் சுரண்டினார்கள்.

1975-ல் கேரோல் அவென்யூவாசிகள் சேர்ந்து மீட்பு அறக்கட்டளை ஒன்று தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தெருவரிசை வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறியது. பழைய பாணித் தெருவிளக்குகள் வந்தன. 1983-ல் ஏஞ்சலினோ ஹைட்ஸ் நகரத்தின் முதல் வரலாற்றுப் பாதுகாப்பு மண்டலம் ஆனது. இன்று அப்படி முப்பதுக்கு மேல் இருக்கின்றன.

மண்டலம் என்றால் வித்தியாசம் என்ன? பட்டியல் தனி வீட்டைப் பிடிக்கிறது, மண்டலம் தெருவையே பிடிக்கிறது. வெளிமுகத்தை மாற்ற வேண்டுமென்றால், சன்னல் ஒன்றாக இருந்தாலும், அனுமதி வாங்க வேண்டும். உள்ளே உங்கள் இஷ்டம். இதோடு வரிச்சலுகையும் சேர்ந்தது. மில்ஸ் சட்டம் என்று 1972-ல் மாநிலம் கொண்டுவந்ததை இந்த நகரம் 1996-ல் நடைமுறைப்படுத்தியது. வீட்டைப் பழைய முறைப்படி பராமரிக்கிறேன் என்று பத்தாண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானாக நீளும். ஒரு மீன் செதில் சுவரை ஒழுங்காகச் சீர்செய்ய ஆகும் செலவு தெரிந்தவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

குறையும் உண்டு, மறைக்கக்கூடாது. இந்தப் பாதுகாப்பு சொந்த வீடு உள்ளவருக்குத்தான் முழுப் பலம் தருகிறது. வீடுகளின் விலை ஏறிவிட்டது. பங்கர் ஹில் முதியவர்களைப் போன்றவர்களுக்கு இன்று கேரோல் அவென்யூவில் இடம் கிடைக்காது. சுவரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது, வாடகைக்காரரின் பிடியை உறுதிசெய்ய அதில் எதுவும் இல்லை. பங்கர் ஹில்லில் விட்ட அதே ஓட்டை இது. இதைச் சரிசெய்யாத எந்தப் பாரம்பரியப் பாதுகாப்பும் பாதி வேலைதான் என்பது என் எண்ணம்.

அப்புறம் சினிமாத் தொல்லை. பிரபலமான கார்ப் பந்தயப் படத்தொடர் ஒன்றின் நாயகன் வீடு இந்தப் பேட்டையில் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் நள்ளிரவில் தெருவில் டயரைத் தேய்த்துச் சுற்றுகிறார்கள். 2022 ஆகஸ்டில், அடுத்த படத்தின் படப்பிடிப்பு நடந்தபோது, குடியிருப்போர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பங்கர் ஹில்லில் இருந்தவர்கள் குரல் எடுபடவில்லை. இங்கே நகராட்சி கேட்க வேண்டியிருக்கிறது.

பெயர்த்த வீடு மூன்றாவது

கேரோல் அவென்யூவில் இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரைச் சேணக் கடை நடத்திய சாமுவேல் ஃபாய், 1870-களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. அவர் மகள் மேரி ஃபாய் 1880-ல், பதினெட்டு வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்தின் தலைமை நூலகர் ஆனார். அந்தப் பதவியில் முதல் பெண். வீடு முதலில் நின்றது ஏழாம் தெருவும் ஃபிகுவேரோவாவும் சந்திக்கும் இடத்தில், இன்று வானளாவிகள் நிற்கும் மூலையில். 1920-ஐ ஒட்டி அதைப் பெயர்த்து விட்மர் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். நினைவுச்சின்னப் பட்டியலில் அதன் எண் எட்டு. சால்ட் பாக்ஸுக்கு மூன்று எண் தள்ளி.

1990-களின் தொடக்கத்தில் அங்கேயும் நெருக்கடி வந்தது. மறுபடி பெயர்த்தார்கள். இந்த முறை வேலி போட்ட வெட்டவெளிக்குக் கொண்டுபோகவில்லை. கேரோல் அவென்யூவில் காலியாக இருந்த மனையில், மற்ற வீடுகளுக்கு நடுவே இறக்கினார்கள். சட்டங்களைச் சேர்த்து ஆணியடித்தார்கள், கூரை வேய்ந்தார்கள், வண்ணம் பூசினார்கள், குடியேறினார்கள். 1969-ல் தீ வைத்தவர்கள் கையில் கிடைத்ததுபோன்ற அதே காய்ந்த மரம்தான். இங்கே இருபுறமும் அண்டை வீட்டுத் திண்ணைகள் இருக்கின்றன, அவற்றில் ஆள் உட்கார்ந்திருக்கிறது.